படுக்கையில் இருப்பவரிடம் பிரசங்கம் வேண்டாம்

எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். "அக்கா, காலேஜ்ல இயேசுவைப் பத்தி எப்படிச் சொல்றது? சொன்னா சிரிக்காங்க. சொல்லாட்டி மனசு உறுத்துது." நான் பாளையங்கோட்டைக்காரி, 24 வருஷமாக நர்ஸ். ஊழியக்காரி இல்லை, வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய தப்புகளில் முக்கால்வாசியைச் செய்து பார்த்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

முதல் தப்பு நர்சிங் இரண்டாம் வருஷத்தில். ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் போஸ்டிங். சபையில் இயேசுவைப் பற்றிய துண்டுத்தாள்கள், கைப்பிரதி என்போம், ஒரு கட்டு கொடுத்திருந்தார்கள். காலையில் விரிப்பு மாற்றும்போது ஒவ்வொரு தலையணைக்கு அடியிலும் ஒன்று வைத்துவிட்டேன். மொத்தம் 32 கட்டில். பத்து மணிக்கு வார்டு சிஸ்டர் கூப்பிட்டார்கள். அவர்களும் நம் ஆட்கள்தான், பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"ஏட்டி, ஆறாம் கட்டில் தாத்தாவுக்கு நேத்துதான் கால் எடுத்திருக்கு. உனக்கு ஒருத்தர் பேசுறது பிடிக்கலைன்னா எந்திச்சுப் போயிருவ. அவரு எங்க போவாரு?"

32 பிரதியையும் திரும்ப எடுத்துவரச் சொன்னார்கள். 31தான் கிடைத்தது. ஆறாம் கட்டில் தாத்தா தன்னுடையதை மடித்து மூக்குப்பொடி பொட்டலமாக்கியிருந்தார்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட விதி இது. எழுந்து போக முடியாதவரிடம் நாமாக ஆரம்பிக்கக் கூடாது. நோயாளி மட்டும் இல்லை. உங்களிடம் டியூஷன் படிக்கிற பிள்ளை, ஹாஸ்டலில் உங்களுக்குப் பயப்படுகிற ஜூனியர், உங்களிடம் கடன் வாங்கியவர், உங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா, எல்லாருமே கட்டிலில் படுத்திருப்பவர்கள்தான். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் பிள்ளைகள் சபை மண்டபத்தில் புளியோதரை கிளறிப் பொட்டலம் போட்டார்கள். ஒரு தம்பி ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு வசனச் சீட்டு வைக்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். பசியோடு கை நீட்டுகிறவர் அந்தச் சீட்டை மட்டும் எப்படித் திருப்பித் தருவார்? அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் கழுத்தளவுத் தண்ணீரில் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போனவன் அவன்தான்.

சரி, அப்படியானால் வாயையே திறக்கக் கூடாதா? அப்படி இல்லை. முதலாம் பேதுரு மூன்றாம் அதிகாரத்தில், நம்பிக்கையைப் பற்றி "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்லியிருக்கிறது. கேட்கிறவருக்கு, என்பதைக் கவனியுங்கள். நம் வேலை இரண்டு. கேட்கத் தோன்றுகிற மாதிரி இருப்பது ஒன்று. கேட்டால் உளறாமல் சொல்வது இன்னொன்று.

இரண்டாவதற்கான தயாரிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். மொத்தம் 16 அதிகாரம், நான்கு சுவிசேஷங்களில் சின்னது. ஒரே உட்காரலில் சத்தமாக வாசித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஞாயிறு பள்ளியில் துண்டு துண்டாக மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய நமக்கு, முழுக் கதையாக அது எப்படி ஓடுகிறது என்றே தெரியாது. எங்கள் ஐக்கியத்தில் போன லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இதைச் செய்தோம். பி.இ. படிக்கிற ஒரு பெண், "அக்கா, சீஷர்கள் இவ்வளவு மக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். அதுதான் வாசிப்பு.

அப்புறம் ஒரு பயிற்சி. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, உங்கள் விசுவாசத்தை இரண்டு நிமிஷத்தில் சொல்லுங்கள். நிபந்தனை ஒன்றுதான். இரட்சிப்பு, அபிஷேகம், பாரம், கிருபை, ஸ்தோத்திரம் ஆகிய ஐந்து வார்த்தைகளும் வரக் கூடாது. முதல் தடவை எல்லாருக்கும் திக்கும். நாம் வாசிக்கிற வேதாகமத்தின் தமிழ் ஹென்றி பவர் என்ற மிஷனெரி தலைமையில் திருத்தி 1871ல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது. எனக்கு அதன் ஓசை உயிர். ஆனால் ஜெபிக்க வைக்கிற கவலையை நாம் பாரம் என்போம், பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு "எனக்கு ஒரு பாரம் இருக்கு" என்றால் முதுகில் மூட்டை என்றுதான் அர்த்தம். என் மனதோடு பேசினார் என்பதற்கு "ஆண்டவர் என்னோடு இடைப்பட்டார்" என்று சொல்லிப் பாருங்கள், எங்கே இடைப்பட்டார் என்று கேட்பான். அவன் மேல் தப்பில்லை.

இதைத் தரங்கம்பாடியில் ஒரு ஜெர்மன் பையன் 300 வருஷத்துக்கு முன்னாலேயே புரிந்துகொண்டான். பையன் என்று சொல்லலாம், 1706 ஜூலையில் மிஷனெரியாக வந்த சீகன்பால்கு கப்பலிலிருந்து இறங்கியபோது வயது 23தான். முதல் வேலையாகத் தமிழ்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அப்புறம் இங்குள்ளவர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார். உங்கள் தெய்வங்கள் யார், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டு, வந்த பதில் கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அனுப்பி வைத்த ஊரில் அதை அச்சிட மனமில்லை. அது அச்சில் வந்தது 1867ல். புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவந்தவரே முதலில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். நாமோ பக்கத்து வீட்டார் கும்பிடுகிற கோயில் கொடைவிழா எந்த அம்மனுக்கு என்று தெரியாமலேயே இருபது வருஷம் குடியிருந்துவிடுகிறோம்.

இனி கஷ்டமான பகுதி, கேட்கத் தோன்றுகிற மாதிரி இருப்பது.

வீட்டில் ஆரம்பியுங்கள். வாலிபர் கூடுகையில் கண்ணீரோடு பாடுகிற தம்பி, வீட்டில் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருப்பான். அவன் அம்மா என்னிடம் சொல்வார்கள். பிசாசு பிடித்துக் கல்லறைகளில் குடியிருந்த ஒரு மனுஷனைக் குணமாக்கிய பிறகு, கூடவே வருகிறேன் என்று அவன் கெஞ்சியும் இயேசு சேர்த்துக்கொள்ளவில்லை. உன் வீட்டாரிடம் போ என்றார். அதுவும் மாற்குவில்தான், ஐந்தாம் அதிகாரம். தட்டைக் கழுவுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படிக்கிற இடத்தில், வேலை பார்க்கிற இடத்தில் உங்கள் சாட்சி பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். நர்ஸ் ஆக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போடாத ஊசியைப் போட்டதாக எழுதாதீர்கள். பார்க்காத பி.பி.யைப் பார்த்ததாக 120/80 என்று நிரப்பாதீர்கள். மறந்துவிட்டால் மறந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொல்லித் திட்டு வாங்குங்கள். நான் ஒருமுறை அப்படி வாங்கிய திட்டு அடுத்த வார்டு வரைக்கும் கேட்டது. ஆனால் அதற்குப் பிறகு என் கையெழுத்து இருந்தால் அந்த டாக்டர் மறுபடி சரிபார்ப்பதில்லை. மற்றவர்களுக்கும் இதே கதை வேறு உருவத்தில் இருக்கிறது. பிராக்ஸி அட்டெண்டன்ஸ், கூட்டாளியின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது, போகாத ஊருக்கு பயணப் படி எழுதுவது. பிரசவ வார்டில் குழந்தையைக் கையில் கொடுக்கும்போது பையன் என்றால் ஒரு ரேட், பொண்ணு என்றால் ஒரு ரேட் என்று காசு வாங்குகிற வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். வாங்காமல் இருப்பது பெரிய விஷயம் இல்லை. "நீ மட்டும் யோக்கியமா" என்று கேட்கும் கூட்டாளிகளோடு முகம் சுளிக்காமல் டீ குடிப்பதுதான் பெரிய விஷயம். நேர்மையாக இருந்துகொண்டு எரிச்சலூட்டாமல் இருக்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

இன்னொன்று, எல்லா நேரமும் கொடுக்கிற ஆளாகவே இருக்காதீர்கள். சமாரியப் பெண்ணிடம் இயேசு பேச ஆரம்பித்தது தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுத்தான். நீங்களும் கேளுங்கள். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடு, கணக்குச் சொல்லிக்கொடு, உங்க அம்மா வைக்கிற அவியல் எப்படி என்று கேளுங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 28 வயதில் திருநெல்வேலியில் 1903ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் முன்னால் எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பலருக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்கு அந்த வெள்ளைக்காரர் நாற்காலியில் நாம்தான் உட்கார்ந்திருக்கிறோமோ என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு. நண்பர்களை "ஆத்துமா" என்று எண்ணிக் கணக்கு வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

சாதியையும் பேசித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் கேட்கப்போகிற முதல் கேள்வியே அதுதான். "உங்க சர்ச்லயும் இருக்காமே?" கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833லேயே சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னையிலும் தஞ்சாவூரிலும் பலர் கோபித்துக்கொண்டு சபையை விட்டே போனார்கள். இத்தனை வருஷம் கழித்தும் நம் கல்யாண விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள், "ஆவிக்குரிய குடும்பம்" என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் இருக்கும். இதைப் பூசி மெழுகாதீர்கள். "ஆமாம், இருக்கு, வெட்கமா இருக்கு" என்று சொல்லுங்கள். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விழா வரிசையில் யார் பக்கத்தில் உட்காருகிறீர்கள், யார் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதை நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்த வருஷம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐக்கியமாகச் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ரத்ததானத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். பெரிய வெள்ளியன்று பேனர் கட்டி ஒரே நாளில் 60 பேர் கொடுப்பது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம், ஆனால் தட்டணுக்களின் ஆயுள் ஐந்தே நாள். டெங்கு காலத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு ரத்த வங்கியிலிருந்து போன் வரும்போது, உங்கள் 60 பேரும் ஒரே நாளில் கொடுத்து முடித்தவர்களாக இருப்பார்கள். அதனால் ஒரு பட்டியல் போடுங்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஆட்களை வாரவாரியாகப் பிரித்து, ரத்தப் பிரிவையும் போன் நம்பரையும் ரத்த வங்கியில் கொடுத்துவிடுங்கள். எங்கள் பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு 12.5 இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முருங்கைக்கீரை, கடலை மிட்டாய், இரும்புச்சத்து மாத்திரை என்று அது தனி ஊழியமாகிவிட்டது.

நோய் பற்றி ஒன்று, இதில் எனக்குக் கோபம் உண்டு. நோயாளிக்காக ஜெபம் பண்ணுங்கள், அவர் கேட்டால். மாத்திரையை நிறுத்து என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள், யாராவது சொன்னால் எதிர்த்துப் பேசுங்கள். டிபி மருந்து ஆறு மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டியது. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா ஏதோ ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து ஊசியை நிறுத்தினார். நான்காம் நாள் நினைவில்லாமல் எங்கள் வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். அவர் மகன் என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

சட்டம் தெரிந்திருப்பது நல்லது. அரசியலமைப்பின் 25வது பிரிவு மதத்தைப் பின்பற்றவும், பரப்பவும் உரிமை கொடுக்கிறது. 1977ல் உச்ச நீதிமன்றம் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002ல் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இப்போது இல்லை, ஆனால் வேறு சில மாநிலங்களில் இதுபோன்ற சட்டம் இருக்கிறது. வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் விஷயம் இன்னும் எளிது. காசு, வேலை, சீட், சுகம் எதையும் ஆசை காட்டாதீர்கள். பெற்றோருக்குத் தெரியாமல் சின்னப் பிள்ளைகளைக் கூட்டத்துக்குக் கூட்டி வராதீர்கள். சட்டம் இல்லாவிட்டாலும் இது தப்புதான்.

மற்ற சில்லறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்கிற வாட்ஸ்அப் செய்தியை உங்களோடு நிறுத்திவிடுங்கள். சாப்பாடு வாங்குகிறவர் முகத்தை வீடியோ எடுக்காதீர்கள். பிறருடைய சாமியைக் கேலி பண்ணுகிற ரீலுக்கு லைக் போட்டுவிட்டு அன்பைப் பற்றி ஸ்டேட்டஸ் வைத்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது, துக்க வீடு இருக்கிற தெருவிலும் ஆஸ்பத்திரி இருக்கிற தெருவிலும் டிரம்ஸை நிறுத்திவிட்டு நடங்கள். எங்கள் டெம்போவுக்கு முன்னால் ஒரு பையன் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வான். அவனுக்குத்தான் அன்றைக்குக் கேக்கில் பெரிய துண்டு. நண்பர் வீட்டில் பிரசாதம் கொடுத்தால் என்ன செய்வது என்று எப்போதும் கேட்கிறார்கள். ஒவ்வொருவர் மனச்சாட்சி ஒவ்வொரு மாதிரி, பவுலே கொரிந்து சபைக்கு அதைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். நான் சாப்பிடுவதில்லை. ஆனால் இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, வீட்டுக்கு எதிரில் இருக்கிற அக்காவிடம் கொடுத்துவிடுவேன். கொடுத்தவருக்கும் அது தெரியும். ஒளித்துச் செய்வதில்லை.

இனி, யாராவது உண்மையிலேயே கேட்டால்.

என்னோடு நைட் டியூட்டி பார்க்கிற ஓர் அக்கா உண்டு. ராத்திரி இரண்டரை மணிக்கு எல்லா நாடியும் பார்த்து முடித்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பது என் வழக்கம். அந்த அக்கா பதினோரு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. பதினோராம் வருஷத்தில் ஒரு ராத்திரி, ஊசி டிரேயை அடுக்கிக்கொண்டே, "அந்தக் கருப்பு புக்ல அப்படி என்ன இருக்கு?" என்றார்.

எத்தனையோ வருஷம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த பிரசங்கம் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, அப்பா இறந்த வருஷத்தைச் சொன்னேன். அந்த ஆறு மாதம் என்னால் ஜெபம் பண்ணவே முடியவில்லை. சபையில் எல்லாரும் பாடும்போது வாய் திறக்காமல் நிற்பேன். எங்கள் சபையில் ஊழியம் செய்த பழைய உபதேசியார் சாயங்காலம் சாயங்காலம் வருவார், டீ குடிப்பார், திண்ணையில் உட்கார்ந்திருப்பார், போய்விடுவார். ஒரு வசனம் சொன்னதில்லை. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்கிற சங்கீதம் இந்தப் புத்தகத்தில் இருக்கு அக்கா, இயேசுவே சிலுவையில் அதைத்தான் சொன்னார், எனக்கு அது போதுமாக இருந்தது, என்றேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. செத்தவங்க எங்க போறாங்க என்று ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றேன். 14ஆம் கட்டிலில் டிரிப் முடிந்துவிட்டது என்று குரல் வந்தது, அவர் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தப் பேச்சே இல்லை, நானும் எடுக்கவில்லை. ஒருநாள் மகனுக்குப் பரீட்சை என்றும், சங்கீதம் வாசிக்கும்போது அவன் பேரையும் சொல்லு என்றும் சொன்னார். சொல்கிறேன். சபையில் சிலர், "இன்னும் அழைக்கலையா, இத்தனை வருஷமா பழகுறீங்களே" என்று கேட்பார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஒருமுறை அழைத்தேன், பட்டுச் சேலை கட்டி வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கீர்த்தனை ராகம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஊரில் அம்மன் கோயில் கொடை சித்திரையில் வரும். அந்த இரண்டு ராத்திரியும் அவர் டியூட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். டிசம்பர் 24 ராத்திரி என்னுடையதை அவர் பார்க்கிறார்.